கணித மேதை ஸ்ரீநிவாச இராமாநுஜனும் நினைவாற்றலும்

சோழவளநாட்டின் பெருமையைப் பேசுவோர் நெல்லையும் சங்கீதத்தையும் கோயிற் சிற்பத்தையும் முதற்கண் எடுத்துரைப்பது வழக்கம். கணக்கையும் அவற்றோடு சேர்த்துரைத்தல் தகும் என்பது நம் கருத்து. காவிரிக்கும் அரசலாற்றுக்கும் இடைப்பட்ட கும்பகோண நகரில் வளர்ந்து, கல்லூரித் தேர்விற் பன்முறை தவறி, பின்னர்க் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் மிக உயர்ந்த ஆசனமொன்றில் அமர்ந்த ஸ்ரீநிவாச இராமாநுஜனுடைய சரித்திரத்தை நம் மாணவர் யாவரும் ஓரளவு அறிவர். அதனை முழுவதும் மறுபடி கூறுவதற்கு இப்பக்கங்கள் போதா, கூறவும் வேண்டுவதில்லை. ஒரு விஷயத்தை மட்டும் கைக்கொண்டு அவர் வாழ்க்கையை நோக்குவோம்.

இராமாநுஜன் என்றவுடன் அவருடைய அபாரமான ஞாபக சக்தியைச் சொல்லி வியவாதார் இலர். மனித மூளைக்கு அப்பாற்பட்டதோர் பெட்டகம் அவர் தலையினுள் இருந்ததென்றும், வேண்டிய எண்ணை வேண்டியபோது அதிலிருந்து எடுத்துத் தந்தாரென்றும் பலர் நினைக்கின்றனர். இக்கொள்கை மாணவருக்குத் தீங்கு பயப்பது என்பது நம் துணிபு. ஏனெனில், பெட்டகம் இல்லாதவன் முயல்வது வீண் என்ற முடிவு அதிலிருந்து எளிதில் பிறக்கிறது. அவரோடு உடனிருந்து பழகியவர் எழுதிவைத்த செய்திகளோ வேறு விதமாக இருக்கின்றன. மூளையும் ஞாபகமும் தொழிற்படும் முறையைக் கணிதத்தின் வாயிலாக உருவகித்துக் காண முயன்ற அறிஞர், 1943 முதல் இன்றளவும் கண்ட சில உண்மைகளும் அச்செய்திகளுக்குத் துணை நிற்கின்றன.

இராமாநுஜன் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில் தம் தாய்ப் பாட்டனார் இல்லத்திற் பிறந்தார். தந்தையார் ஸ்ரீநிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக் கடையிற் கணக்கெழுதியவர். தாயார் கோமளத்தம்மாள் கோயிலிற் பாடி வந்தவர். மன உறுதி மிக்கவர். சாரங்கபாணி சந்நிதி வீதியிலுள்ள அவர்களது சிறு வீடு இன்றும் நினைவிடமாகப் போற்றப்படுகிறது. குழந்தை இரண்டாம் வயதில் பெரியம்மை கண்டு பிழைத்தது. மூன்று வயது வரையில் அது வாய் திறந்து பேசவில்லை என்பர்.

1892-இல் அவரைத் திண்ணைப் பள்ளியிற் சேர்த்தனர். அக்காலத்துத் திண்ணைப் பள்ளியின் தன்மையை இக்காலத்தார் சிறிது அறிந்துகொள்வது நலம். அங்கே மணலும் ஓலையும் இருந்தன. ஆனால் உண்மையான புத்தகம் பிள்ளையின் நாவிலேயே இருந்தது. எண்சுவடியை ஒருவன் உரக்கச் சொல்ல ஏனையோர் திரும்பச் சொல்லி மனப்பாடம் செய்தனர். முழு எண்ணின் வாய்பாட்டோடு அது முடிவதில்லை. இருபதில் ஒன்றாகிய மா, எண்பதில் ஒன்றாகிய காணி, முந்நூற்றிருபதில் ஒன்றாகிய முந்திரி ஆகிய கீழ்வாய் இலக்கங்களையும் ஒன்றோடொன்று பெருக்கி ஒப்புவித்தல் வேண்டும். ஆற்றுப் பாசன நாட்டில் இஃது ஓர் அலங்கார வித்தையன்று. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. விளைந்த நெல்லோ கலத்திலும் குறுணியிலும் நாழியிலும் அளக்கப்படும். களத்து மேட்டில் மேல்வாரம் இவ்வளவு, குடிவாரம் இவ்வளவு என்று கணக்கன் வாய்க்கணக்காகச் சொல்லியாக வேண்டும். பிழைத்தால் ஒரு குடும்பத்தின் சோறு பிழைத்தது.

இவ்விடத்து ஒரு சிறு செய்தி. 1825-இல் வாரன் என்னும் துரைமகனார் தாம் அச்சிட்ட காலசங்கலிதம் என்ற நூலில், புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையிற் சோழிகளைப் பரப்பி, அட்டவணைகளைச் சொற்களாலும் எழுத்துக்களாலும் நினைவில் வைத்து, ஏடும் எழுத்தாணியும் தொடாமலே சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டிய வரலாற்றைப் பதிந்துள்ளார். இவற்றாலேயே இராமாநுஜன் மேதையானாரென்று சொல்ல நாம் வரவில்லை. அத்திண்ணைகளில் ஆயிரமாயிரம் பிள்ளைகள் இருந்தனர். எண்ணை வாயிற் பழக்குதல் இழிவான செயல் என்று கருதாத நாட்டில் அவர் வளர்ந்தார் என்பது வரையிற் சொல்லலாம்.

1897-இல் ஆரம்பப் பரீட்சையில் தஞ்சை ஜில்லாவிலேயே முதல்வராகத் தேறி, மறு ஆண்டு கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலிற் சேர்ந்தார். உடன் படித்தோருக்கு வேடிக்கையாக இரண்டின் வர்க்கமூலத்தையும், வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதமாகிய பை என்னும் எண்ணையும் கேட்ட அளவு தசம ஸ்தானங்களுக்கு ஒப்புவிப்பார். ஸம்ஸ்கிருதத் தாதுக்களின் வரிசையையும் அவ்வாறே சொல்லுவார். ஞாபக சக்தியைப் பற்றிய கதைகளுக்கு முதல் வித்து இங்கே விழுந்தது. லோனி என்பவரின் திரிகோண கணித நூலைப் பதின்மூன்றாம் வயதிற்குள் தாமே கற்று முடித்தார். அதன்பின் தாம் சுயமாகக் கண்ட சில சூத்திரங்கள் ஆய்லர் என்னும் பேரறிஞர் முன்பே கண்டவை என்று தெரியவந்ததும், நாணமுற்று அத்தாள்களை வீட்டுக் கூரையிற் செருகி மறைத்துவிட்டாராம்.

1903-இல் கார் என்பவர் தொகுத்த பெரிய கணித சங்கிரகம் அவர் கைக்கு வந்தது. பரீட்சைக்கு மாணவரைத் தயார் செய்வதையே தொழிலாகக் கொண்ட ஓர் ஆசிரியர் தொகுத்த, சுமார் 5,000 சூத்திரங்களைக் கொண்ட புத்தகம் அது. நிரூபணங்கள் மிகச் சில. உண்மையில் அஃது ஒரு வறண்ட நூல். ஆயினும் இராமாநுஜன் அதனை மனப்பாடம் செய்யவில்லை. ஒவ்வொரு சூத்திரத்தையும் தாமே மறுபடியும் கண்டுபிடிக்க முற்பட்டார். ஒன்றை நிலைநாட்டப் புகுந்தால் வழியிற் பத்துப் புதியவை கிடைத்தன. பாட்டை மனனம் செய்தவனுக்கும், பாட்டை மறந்தாலும் இராகத்தைக் கொண்டு மீண்டும் கட்டவல்லவனுக்கும் உள்ள வேற்றுமை இஃது. பிற்காலத்தில் ஞாபகமாக விளங்கியதெல்லாம் இந்தத் தனிமையான உழைப்பின் படிவு என்று நாம் கருதுகிறோம்.

காகிதம் விலை கொடுத்து வாங்க வேண்டிய பொருளாதலால் அவர் பலகையிலேயே கணக்கிட்டார். எழுதுவார், துணி தேடும் நேரமும் வீண் என்று முழங்கையாலேயே அழிப்பார், மறுபடி எழுதுவார். முடிவு கிடைத்தபின் அதனை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் மையாற் பதிவார். இவ்வாறு வழி அழிந்தது, முடிவு நின்றது. இவ்வழக்கம் பிற்காலத்தில் எவ்வளவு இடர் விளைத்ததென்பதைப் பின்னர்க் காண்போம்.

நினைவாற்றலே மேதைமையாயின், நினைவாற்றலையே அளக்கும் நம் பரீட்சைகளில் இவர் முதல்வராகத் திகழ்ந்திருத்தல் வேண்டும். நடந்ததோ வேறு. 1904-இல் உபகாரச் சம்பளத்தோடு கும்பகோணம் அரசினர் கல்லூரியிற் புகுந்தவர், ஆங்கிலத்தில் தவறி அதனை இழந்தார். 1905-இல் வீட்டாருக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினம் போய்விட்டார். 1906-இற் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்து எப்.ஏ. பரீட்சையிற் தவறினார், 1907-இல் மீண்டும் எழுதி மீண்டும் தவறினார். அவருக்கு எமனாக வந்த பாடங்களுள் ஒன்று சரீர சாஸ்திரம். உடலும் மூளையும் இயங்கும் வகையைக் கூறும் அப்பாடத்திற் பத்துப் பக்கங்களை அவரால் நினைவில் நிறுத்த முடியவில்லை! பட்டமில்லை, பட்டமின்மையால் உத்தியோகமில்லை. 1909-இல் ஜானகி அம்மாளை மணந்தார். அதன்பின் வயிற்றுக்கே திண்டாட வேண்டிய சில ஆண்டுகள் கழிந்தன. நோட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆதரிப்பாரைத் தேடி ஊரூராக அலைந்தார்.

திருக்கோவிலூரில் டிப்டி கலெக்டராக இருந்தவரும் இந்தியக் கணித சங்கத்தை நிறுவியவருமான இராமசாமி ஐயர், நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ், பேராசிரியர் சேஷு ஐயர் ஆகியோர் அவரைக் கைதூக்கிவிட்டனர். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் காரியாலயத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவானார். 1913 ஜனவரி 16-ஆம் நாள் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதமும், அதனால் விளைந்தவையும் யாவரும் அறிந்தனவே. 1914 மார்ச் 17-இற் கப்பலேறினார்.

கேம்பிரிட்ஜில் அவர் செய்தவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். நான்கு கலம் நெல்லைக் களத்தில் குவிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒரே குவியலாகக் குவிக்கலாம். மூன்றும் ஒன்றுமாக, இரண்டும் இரண்டுமாக, இரண்டும் ஒன்றும் ஒன்றுமாக, நான்கும் தனித்தனியாக என ஐந்து வகையாகக் குவிக்கலாம். பத்துக் கலமாயின் 42 வகை. நூறு கலமாயின் வகைகள் 19,05,69,292. இவ்வாறு ஓர் எண்ணைக் கூறிடும் வகைகளின் தொகையை எண்ணி எண்ணிக் காணாமல் நேரே சொல்ல ஒரு சூத்திரத்தை இராமாநுஜனும் ஹார்டியும் 1918-இல் வெளியிட்டனர். அதனைச் சோதிக்க வேண்டுமே! மேஜர் மக்மாஹன் என்னும் கணித வல்லுநர் 200 வரையில் ஒவ்வோர் எண்ணுக்கும் கையாற் கணக்கிட்டு அட்டவணை செய்தார். 200-க்கு அவர் கண்ட தொகை 39,72,99,90,29,388. சூத்திரத்தின் எட்டு உறுப்புக்களைக் கூட்டியபோது அதே தொகையும், மிகையாக .004 என்ற சிறு துண்டும் கிடைத்தன. பதின்மூன்று இலக்கங்களில் ஒன்றேனும் பிழைக்கவில்லை.

இந்த ஆராய்ச்சிக் காலத்தில்தான் ஹார்டி நம் வினாவுக்கு நேரான விடை தரும் ஒரு செய்தியைக் கண்டார். இராமாநுஜனுடைய நினைவும் கணக்கிடும் வேகமும் சாதாரணமானவை அல்லவெனினும், இயற்கைக்கு மாறானவையும் அல்ல என்று அவர் பின்னர் எழுதினார். பெரிய இரண்டு எண்களைப் பெருக்க வேண்டுமானால் எல்லோரும் பெருக்கும் முறையிலேயே அவரும் பெருக்கினாராம். மக்மாஹனோடு போட்டியிட்டுக் கணக்கிடும்போது பெரும்பாலும் மேஜரே சிறிது விரைவாகவும் சிறிது பிழையின்றியும் முடித்தாராம். கணக்கிடும் யந்திரமென நாம் போற்றும் மனிதர், கணக்கிடுவதில் ஓர் ஓய்வு பெற்ற பீரங்கிப்படை அதிகாரிக்கு ஒரு படி பின்னே நின்றார்!

அங்ஙனமாயின் 1729-இன் கதை என்னாவது? லண்டனைச் சார்ந்த பட்னியில் நோயுற்றுக் கிடந்த அவரைக் காண ஹார்டி வாடகை வண்டியிற் சென்றார். வண்டியின் இலக்கம் 1729, சுவையற்றதோர் எண் என்று பேச்சுக்குச் சொன்னார். உடனே இராமாநுஜன் அதனை மறுத்து, இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரு வேறு வகையிற் காட்டக்கூடிய எண்களுள் மிகச் சிறியது அதுவே என்றார். ஒன்றின் கனமும் பன்னிரண்டின் கனமும் கூடினாலும் 1729. ஒன்பதின் கனமும் பத்தின் கனமும் கூடினாலும் அதுவே. கேட்டோர் மின்னல் வேகத்திற் கணக்கிட்டார் என்று வியந்தனர். ஆனால் அவர் இந்தியாவில் எழுதிய நோட்டுப் புத்தகங்களிலேயே இச்சமத்துவம் பதிந்திருக்கிறது. கன எண்களின் கூட்டுத்தொகைகளைப் பற்றி அவர் பல ஆண்டுகள் சிந்தித்திருந்தார். நோய்ப்படுக்கையில் அவர் கணக்கிடவில்லை. தமக்கு வெகுநாட் பழக்கமான ஒருவரைத் தெருவிற் கண்டு அடையாளம் சொன்னார்.

இதனை விளக்கப் பிற்காலத்தார் செய்த ஒரு சோதனை பெரிதும் உதவும். 1973-இல் அமெரிக்காவிற் சேஸ், ஸைமன் என்னும் இருவர், சதுரங்க வல்லுநருக்கும் புதிதாகப் பயில்பவருக்கும் ஆட்டத்தின் நடுவிலுள்ள பலகையை ஐந்து விநாடி மட்டும் காட்டி மறைத்தனர். வல்லுநர் காய்களிற் பெரும்பாலானவற்றைத் திரும்ப வைத்துக் காட்டினார். புதியவரால் நான்கைந்தே இயன்றது. பிறகு காய்களைக் குருட்டாம்போக்கில் இறைத்துக் காட்டியபோது வல்லுநரின் மேன்மை மறைந்துவிட்டது. அவர் கண்டது தனித்தனிக் காய்களையன்று. தாம் முன்பு விளையாடி அறிந்த அமைப்புக்களை. ஸைமனும் துணைவரும் இந்நினைவைக் கணிப்பொறியில் உருவகித்து, ஒரு வல்லுநரிடம் இத்தகைய அமைப்புக்கள் பதினாயிரம் முதல் லட்சம் வரை இருத்தல் கூடுமென மதிப்பிட்டனர்.

மூளையில் அவ்வமைப்புக்கள் எங்ஙனம் தங்குகின்றன? 1943-இல் மக்கல்லக், பிட்ஸ் என்போர் நரம்பணுவை ஆம் அல்லது இல்லை என்று மட்டும் விடை சொல்லும் ஒரு சிறு தர்க்கக் கருவியாக எண்ணிக் கணிதம் செய்தனர். 1949-இல் ஹெப் என்பவர், ஒருங்கே தொழிற்படும் அணுக்களுக்கிடையே தொடர்பு வலுப்பெறுகிறதென்ற கொள்கையை வெளியிட்டார். நீர் ஓடி ஓடி வாய்க்கால் ஆழமாவது போன்றதென்று கொள்ளலாம். 1982-இல் ஜான் ஹாப்ஃபீல்ட் இவ்விரண்டையும் இணைத்து ஒரு நினைவு வலையை அமைத்தார். அவருடைய கருத்தை நம் நாட்டு உவமையாற் சொல்வோம். மேடு பள்ளமான நிலத்தில் மழைநீர் எங்கே விழுந்தாலும் அருகிலுள்ள குளத்தையே சென்று சேரும். ஒவ்வொரு குளமும் ஒரு ஞாபகம். விழும் துளி ஓர் அரைகுறைக் குறிப்பு. பெயரின் முதலெழுத்தைக் கேட்டாலே முழுப் பெயரும் உருவமும் தோன்றுவது இவ்வாறே. ஞாபகமென்பது பத்தாயத்தில் ஓரிடத்தில் மூட்டையாகக் கிடப்பதன்று. நிலம் முழுவதன் சரிவிலும் பரந்திருப்பது. அளவுக்கு மிஞ்சிக் குளம் வெட்டினால் ஒன்றோடொன்று கலந்து குழம்பும். ஆயிரம் அணுக்களையுடைய வலையில் தொடர்பற்ற ஞாபகங்கள் சுமார் 140-க்கு மேல் தங்கா என்று பிறகு கணக்கிட்டனர். இவ்வழியிற் செய்த ஆராய்ச்சிக்காக ஹாப்ஃபீல்டுக்கும் ஹிண்டனுக்கும் 2024-இல் பௌதிகத்துக்குரிய நோபெல் பரிசு அளிக்கப்பட்டது.

இவை யாவும் உருவகங்களே. இராமாநுஜனுடைய மூளையை எவரும் அளந்ததில்லை. எனினும் மகலனோபிஸ் சொன்ன நிகழ்ச்சியை இவ்வொளியிற் காணும்போது வியப்புக் குறைந்து விளக்கம் மிகுகிறது. 1914-இல் இராமாநுஜன் அடுப்பில் ஏதோ கிளறிக்கொண்டிருந்தபோது, நண்பர் மகலனோபிஸ் ஒரு சஞ்சிகையிலிருந்த புதிரைப் படித்தார். ஒரு தெருவில் வரிசை எண்ணிட்ட வீடுகள் ஐம்பதுக்கு மேல், ஐந்நூற்றுக்குள். ஒரு வீட்டின் இடப்புறத்து எண்களின் கூட்டுத்தொகையும் வலப்புறத்து எண்களின் கூட்டுத்தொகையும் சமம். வீட்டு எண் யாது? விடை 288 வீடுகளில் 204-ஆவது. இராமாநுஜனோ அவ்வொரு விடையைச் சொல்லாமல், இத்தகைய எல்லாத் தெருக்களுக்கும் விடை தரும் ஒரு தொடர் பின்னத்தையே எழுதிக்கொள்ளச் சொன்னார். கேட்டவுடன் இது தொடர் பின்னத்துக்குரியது என்று தோன்றியதாம், எந்தப் பின்னம் என்று தம்மைக் கேட்டுக்கொண்டாராம், விடை வந்ததாம். துளி விழுந்தது, குளம் சேர்ந்தது. அந்நிலத்தைச் சரிவு செய்தவை கும்பகோணத்துத் திண்ணையிலே பலகையும் கையுமாகக் கழிந்த ஆண்டுகளே. நாமக்கல் நாமகிரித் தாயாரின் அருளால் சூத்திரங்கள் தமக்குக் கிடைத்தன என்பது அவருடைய சொந்த நம்பிக்கை. அதனை அளக்க நம்மிடம் மரக்கால் இல்லை.

இத்தகைய நினைவுக்கு ஒரு குறையும் உண்டு. பழகிய அமைப்பு இல்லாத இடத்திலும் அது பழகிய குளத்தையே சென்று சேரும். பகா எண்களைப் பற்றி ஹார்டிக்கு அவர் எழுதியவற்றுட் பல பிழைபட்டன. நிரூபணம் என்னும் கரை இல்லாமையே காரணம். பலகையில் அழிந்த வழிகளைப் பிறர் மீண்டும் கண்டுபிடிக்க நெடுங்காலம் ஆயிற்று. பை எண்ணுக்கு அவர் 1914-இல் வெளியிட்ட தொடர்களுள் ஒன்று ஒவ்வோர் உறுப்புக்கும் சுமார் எட்டு இலக்கங்களைத் தருவது. அதைக் கொண்டு காஸ்பர் என்பவர் 1985-இற் கணிப்பொறியில் ஒரு கோடியே எழுபது லட்சத்துக்கு மேற்பட்ட இலக்கங்களைக் கண்டார். அப்போதும் அத்தொடருக்கு நிரூபணம் வெளிவந்திருக்கவில்லை. போர்வைன் சகோதரர் 1987-இல் அளித்தனர்.

அவர் மனத்தையே யந்திரமாக்கிப் பார்க்கும் முயற்சியும் நடந்திருக்கிறது. 2021-இல் இஸ்ரேல் நாட்டு டெக்னியன் ஆராய்ச்சியாளர் இராமாநுஜன் யந்திரம் எனப் பெயரிட்டு ஒரு கணிப்பொறித் திட்டத்தை வெளியிட்டனர். அது எண்ணற்ற தொடர் பின்னங்களை இயற்றி, பை முதலிய எண்களோடு இலக்கத்துக்கு இலக்கம் ஒப்பிட்டு, பொருந்துவனவற்றை நிரூபணமின்றி நம் முன் வைக்கிறது. சில பின்னர் நிரூபிக்கப்பட்டன. பெயர் பொருத்தமே, ஆயினும் அந்த யந்திரம் கோடிக்கணக்கிற் துழாவிக் கண்டெடுப்பது. இராமாநுஜனோ எங்கே துழாவ வேண்டுமென்று அறிந்திருந்தார். இவ்வறிவை எந்த உருவகமும் இதுவரையில் முற்றும் பிடித்துவிடவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

1918-இல் ராயல் சொஸைட்டியின் உறுப்பினரும், டிரினிடி கல்லூரியின் பெல்லோவாகத் தேர்ந்த முதல் இந்தியரும் ஆனார். அதற்குள் நோய் முற்றிவிட்டது. 1919-இல் தாய்நாடு திரும்பி, கொடுமுடியிலும் கும்பகோணத்திலும் தங்கினார். இறுதியிற் சென்னைச் சேத்துப்பட்டில் 1920 ஏப்ரல் 26-ஆம் நாள் தம் 32-ஆம் வயதிற் காலமானார். படுக்கையிலிருந்தும் எழுதிக்கொண்டே இருந்தார். ஜானகி அம்மாள் அத்தாள்களைப் பத்திரப்படுத்தினார். அவர் கணவரைப் பிரிந்தபின் எழுபதாண்டுக்கு மேல் வாழ்ந்து, தையல் வேலையால் நெடுங்காலம் சீவித்து, 1994-இல் மறைந்தார். தாள்கள் சென்னைச் சர்வகலாசாலை வழியாக இங்கிலாந்து சென்று, கைமாறி, மறக்கப்பட்டு, 1976-இல் டிரினிடி நூல்நிலையத்து ஒரு பெட்டியில் ஆண்ட்ரூஸ் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் கண்ணிற் பட்டன. நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்கள். சுமார் அறுநூறு சூத்திரங்கள். வழி காட்டும் சொற்கள் அநேகமாக இல்லை. ஒரு பக்கத்தில், இரண்டு கனங்களின் கூட்டு மற்றொரு கனத்துக்கு ஒன்று மிகையாகவோ குறைவாகவோ வரும் எண்களை முடிவின்றிப் பிறப்பிக்கும் ஒரு முறையை எழுதி, கீழே சில உதாரணங்களைத் தந்திருக்கிறார். 135, 138 ஆகியவற்றின் கனங்களைக் கூட்டினால் 172-இன் கனத்துக்கு ஒன்று குறைகிறது. அவ்வரிசையிலேயே ஒன்பதும் பத்தும் பன்னிரண்டும் நிற்கின்றன.